கோடும் தருகிறார்கள், காசும் தருகிறார்கள்: ரிவ்யூ போடலாமா?

கேள்வி: கோவையிலிருந்து தமிழில் ஒரு கேம் ரிவ்யூ சேனல் நடத்துகிறேன். 18,000 சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். விரைவில் வரப்போகும் ஒரு பிசி கேமுக்கு, பத்து நாள் முன்பே கோடும் (கேமை இலவசமாகத் திறக்க உதவும் குறியீட்டு எண்) கூடவே 20,000 ரூபாயும் தருவதாக ஒரு விளம்பர ஏஜென்சி மெயில் அனுப்பியிருக்கிறது. வெளியாகும் நாள் வரை வீடியோ போடக் கூடாது. பக் (கேமில் உள்ள பிழை), கிராஷ் (கேம் திடீரென நின்றுபோவது) எதையும் காட்டக் கூடாது. வீடியோவை முதலில் அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஸ்பான்சர் விவரம் டிஸ்கிரிப்ஷனில் இருந்தால் போதும். ஒத்துக்கொள்ளலாமா? இதே மாதிரிப் பணம் வாங்கிக்கொண்டு வெளியே சொல்லாத இன்னொரு சேனலைப் பற்றி வீடியோ போட்டால் தப்பா?

பதில்: உங்களுக்கு வந்த நிபந்தனைகளைப் படித்ததும் எனக்கு 2014 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் வார்னர் பிரதர்ஸ் ‘ஷேடோ ஆஃப் மோர்டார்’ கேமை வெளியிட்டது. ஒரு ஏஜென்சி மூலம் யூடியூபர்களைப் பிடித்து, கேமை முன்கூட்டியே கொடுத்து, ஆளைப் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து பல்லாயிரம் டாலர் வரை பணமும் கொடுத்தது. கேமை நல்லவிதமாகக் காட்ட வேண்டும், பக் எதுவும் வெளியே தெரியக் கூடாது, வீடியோவை முதலில் காட்ட வேண்டும், ஸ்பான்சர் விவரம் டிஸ்கிரிப்ஷனில் போதும். அச்சு அசலாக உங்கள் மெயில்தான்.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதை எடுத்து விசாரித்து, 2016-ல் வார்னர் பிரதர்ஸுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதற்குள் அந்த வீடியோக்கள் 55 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டுவிட்டன. பிரபல யூடியூபர் பியூடிபை போட்ட ஒரு வீடியோவே 37 லட்சம். டிஸ்கிரிப்ஷனில் எழுதியிருந்தார்களே, அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ‘ஷோ மோர்’ என்பதை அழுத்தினால்தான் அந்த வரி கண்ணில் படும் என்பதே ஆணையத்தின் குற்றச்சாட்டு. அதே வீடியோ பேஸ்புக்கிலோ ட்விட்டரிலோ பகிரப்பட்டால் அந்த வரியும் தெரியாது. சிலர் ‘முன்கூட்டியே கேம் கிடைத்தது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதில் வேடிக்கை, கேம் நிஜமாகவே நன்றாக இருந்தது. கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த கேமாகவும் தேர்வானது. இத்தனை மூடிமறைப்பு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கோடு வாங்குவதில் தப்பில்லை. உலகம் முழுக்க கேம் பத்திரிகையாளர்கள் அப்படித்தான் விளையாடுகிறார்கள். வெளியீட்டு நாள் வரை காத்திருக்கச் சொல்வதும் வழக்கமான எம்பார்கோதான், அதாவது குறித்த நேரம் வரை ரிவ்யூ வெளியிடத் தடை. எல்லோருக்கும் ஒரே நேரம் என்றால், யார் முதலில் என்று அரைகுறையாக விளையாடிவிட்டு ஓடிவரும் போட்டி குறையும். ஆனால் எந்த நேரம் என்பதைக் கேட்டு வாங்குங்கள். 2014 நவம்பரில் யூபிசாஃப்டின் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து சுமார் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரிவ்யூ போட விட்டார்கள். ஆட்கள் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் அதில் எத்தனை பக் என்று படிக்க முடிந்தது.

எந்த வெர்ஷன் தருகிறார்கள் என்பதையும் கேளுங்கள். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’க்கு வெளியீட்டுக்கு முன் பிசி வெர்ஷன் மட்டும்தான் கொடுத்தார்கள். ரிவ்யூ வீடியோவில் விமர்சகர்கள் தாங்கள் பதிவுசெய்த காட்சிகளைப் போடவும் அனுமதியில்லை. நல்ல மதிப்பெண்கள் குவிந்தன. சோனியின் பிஎஸ்4 கேம் கருவி வைத்திருந்தவர்கள் வாங்கிப் பார்த்தால் ஓடவே திணறியது. சில நாட்களில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. திரும்ப வர அடுத்த ஜூன் ஆனது. மதிப்பெண் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. எதைப் பார்க்கவில்லை என்பதை உரக்கச் சொல்லாததுதான் பிரச்சினை. நீங்கள் பிசியில் மட்டும் விளையாடியிருந்தால் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பக் காட்டக் கூடாது, ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற இரண்டும்தான் ஆகாதவை. அவற்றுக்கு ஒத்துக்கொண்டால் அது ரிவ்யூ இல்லை, விளம்பரம். விளம்பரம் செய்வது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை, சேனல் நடத்தக் காசு வேண்டும். ஆனால் அப்போது தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ ‘ரிவ்யூ’ என்ற சொல் வரக் கூடாது. விளம்பரமே ஆனாலும், பரிந்துரைப்பவர் தன் உண்மையான கருத்தைத்தான் சொல்ல வேண்டும் என்கின்றன இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விதிமுறைகள். கிராஷ் ஆவதைத் தெரிந்தே மறைத்துவிட்டு ‘சூப்பர், வாங்குங்க’ என்றால் அது உண்மையான கருத்து ஆகாது.

டிஸ்கிரிப்ஷன் போதும் என்பது இந்தியாவிலும் செல்லாது. வார்னர் விவகாரத்தில் அமெரிக்க ஆணையம் நிறுவனத்தைத்தான் பிடித்தது. இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பரிந்துரைப்பவரையும் பிடிக்கும்: முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை, கூடவே விளம்பரங்களில் தோன்றத் தடையும் வரலாம். பணம் மட்டுமல்ல, கோடு இலவசமாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வீடியோவுக்குள்ளேயே, தமிழில், ஆரம்பத்திலேயே வாயால் சொல்லுங்கள். அந்தக் கேமைப் பற்றிப் பேசும் நேரம் முழுக்க ‘விளம்பரம்’ என்று திரையில் இருக்கட்டும். யூடியூபின் ‘பெய்டு புரமோஷன்’ பெட்டியையும் டிக் செய்யுங்கள்.

இன்னொரு சேனல் விஷயம் கொஞ்சம் சிக்கல். அதே 2014 ஆகஸ்டில் ‘கேமர்கேட்’ என்ற இணையத் துன்புறுத்தல் அலை கிளம்பியது. பத்திரிகை நேர்மை என்ற கொடியோடு, இலவசமாக ஒரு கேமை வெளியிட்டிருந்த ஒரு சுயாதீன டெவலப்பரைக் குறிவைத்தார்கள். நெருங்கிப் பழகி, கோட்டாகு என்ற கேம் செய்தித் தளத்தின் எழுத்தாளர் ஒருவரிடம் சாதகமான ரிவ்யூ வாங்கியதாகப் புகார். அப்படியொரு ரிவ்யூவே கிடையாது. அந்த எழுத்தாளர் அந்தக் கேமை ரிவ்யூ செய்யவேயில்லை. ஆனாலும் மிரட்டல்கள் குவிந்து அந்த டெவலப்பர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதே சமயத்தில்தான் வார்னரின் பணம் யூடியூபர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிஜமான பேரம் ஒரு பக்கம் சத்தமில்லாமல் நடக்க, கூச்சல் எல்லாம் தனி ஆளின் தலையில் விழுந்தது.

அதனால், உங்கள் கையில் ஒப்பந்தமோ மெயிலோ இருக்கிறதா என்று பாருங்கள். யூகம்தான் என்றால் விட்டுவிடுங்கள். ஆதாரம் இருந்தால் முதலில் அந்தச் சேனல் நடத்துபவரிடமே கேட்டு, பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். பிறகும் பேசத்தான் வேண்டுமென்றால் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுங்கள். அவர் குடும்பம், போன் நம்பர், ஊர் எதுவும் வரக் கூடாது. இந்திய விளம்பரத் தர மன்றத்திடம் புகார் கொடுக்கலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. வீடியோவைவிட அது உருப்படியான வழி.

ஏஜென்சியின் நிபந்தனைகளை மறுத்தால் அடுத்த கோடு வராமல் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தளமான கோட்டாகுவுக்கே அது நடந்தது. வெளிவராத கேம்களைப் பற்றிச் செய்தி போட்டதால் கேம் நிறுவனங்களான பெதெஸ்டாவும் யூபிசாஃப்டும் தங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டன என்று 2015-ல் அவர்களே எழுதினார்கள். அப்படி ஆனால் வெளியீட்டு நாளில் வாங்கி, நான்கு நாள் கழித்து வீடியோ போடலாம். பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கேம் கிளம்பவே இல்லையென்றால் நஷ்டமில்லை.

ஏஜென்சிக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: “கோடு அனுப்புங்கள், குறித்த நேரம் வரை காத்திருக்கிறேன். பணம் வேண்டாம். வீடியோவை முன்கூட்டிக் காட்ட மாட்டேன். பக் இருந்தால் காட்டுவேன். கோடு நீங்கள் தந்தது என்று முதலிலேயே சொல்வேன். சம்மதமா?”