விளையாட்டு வானொலியில் நம் ஆட்களைக் கிண்டலடித்தால் ஜாலியாக எடுத்துக்கொள்வதா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் விளையாட்டுப் பேச்சு வானொலிகளில் இந்தியர், சீனர், கறுப்பினத்தவரை வைத்துக் கேலி செய்வது சகஜமாக இருக்கிறதே, இங்கே இருக்கும் தமிழர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?"

கேட்டவர் இங்கே வந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் வேலைக்குப் போகிற வழியில் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தியதில் நாலு ஆண்கள் ஒரே நேரத்தில் கத்துகிற நிலையம் ஒன்று மாட்டியிருக்கும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். இரண்டாம் வாரம் யார் குரல் யாருடையது என்று பிடிபடும். மூன்றாம் வாரம் அவர்கள் இல்லாமல் கார் நகராது. எனக்கு அப்படித்தான் ஆனது.

நான் கனெக்டிகட் வந்தது 2004 செப்டம்பரில். ஹார்ட்ஃபோர்ட் வட்டாரத்துக் காப்பீட்டு நிறுவனங்களில் நம்மவர்கள் பாதிப்பேர் செய்கிற அதே கணினி வேலை. இந்த மாநிலம் பேஸ்பால் ரசிகர் கணக்கில் இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கிற வரப்பு மாதிரி. ஒரு பக்கம் நியூயார்க் யாங்கீஸ், மறுபக்கம் பாஸ்டன் ரெட் சாக்ஸ். நான் வந்த அடுத்த மாதமே ரெட் சாக்ஸ், யாங்கீஸிடம் ஒரு தொடரில் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்றுவிட்டு அடுத்த நான்கையும் ஜெயித்தது. பிறகு உலகத் தொடர் என்கிற இறுதித் தொடரையும் வென்றது, 1918க்குப் பிறகு முதல் தடவையாக. அலுவலகத்தில் ஒருவன் அழுதான், இன்னொருவன் இரண்டு நாள் லீவு போட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளத்தான் வானொலியைப் போட்டேன். பேஸ்பாலைக் கண்ணால் பார்க்கும் முன்னரே காதால் கற்றவன் நான். இங்கத்திய ஆங்கிலமும் அப்படி வந்ததுதான். மேலாளரிடம் "இல்லை, உங்கள் கணக்கு தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வந்ததே அந்தக் கத்தலைக் கேட்டுத்தான்.

இந்த வானொலி வகை ரொம்பப் பழையதும் இல்லை. நாள் முழுக்க விளையாட்டு மட்டுமே பேசும் முதல் நிலையம், நியூயார்க்கின் டபிள்யூஎஃப்ஏஎன், 1987 ஜூலையில் ஆரம்பித்தது. நான் கேட்ட காலத்தில் அது 660 ஏஎம். இரவில் ஏஎம் அலை வெகுதூரம் போகும். பனிக்காலத்தில் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, பாலத்தடியில் கேட்பது போன்ற இரைச்சலுக்கு நடுவே, நியூயார்க்கின் குயின்ஸில் இருந்து எவனோ ஒருவன் தன் அணியைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். முதல் தடவை பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே மந்திரத்தோடு ஆரம்பிப்பார்கள்: "ஃபர்ஸ்ட் டைம், லாங் டைம்." கூப்பிடுவது முதல் தடவை, கேட்பது நெடுநாளாக என்று அர்த்தம்.

அந்த மந்திரத்தை நான் சொன்னது 2019 ஜூலையில்.

அந்த மாதம்தான் அட்லாண்டிக் லீக் என்கிற சின்ன பேஸ்பால் லீக்கில் எந்திர நடுவரைக் கொண்டுவந்தார்கள். பந்து சரியான கட்டத்துக்குள் வந்ததா என்பதை ரேடார் கருவி கணக்குப் போட்டு நடுவரின் காதில் சொல்லும், அவர் அதை அப்படியே உரக்கச் சொல்வார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) அன்று சாயங்காலம் முழுக்க உலகமே அழியப்போகிறது என்கிற மாதிரிப் பேச்சு. இன்றைக்கு நடுவர், நாளைக்குப் பயிற்சியாளர், அப்புறம் இந்த ஒலிவாங்கி முன்னால் நாங்கள் என்று தொகுப்பாளர்கள் புலம்பினார்கள்.

எனக்கோ கை துறுதுறுத்தது. கிரிக்கெட்டில் நடுவர் முடிவை எந்திரத்தை வைத்துச் சரிபார்க்கும் டிஆர்எஸ் முறையை 2008லேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது, நம் வாரியமே 2016 வரை முரண்டு பிடித்துவிட்டு வழிக்கு வந்தது, வானம் இடிந்து விழவில்லை என்று சொல்ல வேண்டும். நியாயமான கருத்துதானே? மளிகைக் கடை வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்தி, மனைவி உள்ளே போனதும் எண்ணைப் போட்டேன். பின் இருக்கையில் என் பையன், அப்போது 12 வயது. அப்பா ரேடியோவில் பேசப்போகிறார் என்று அவனுக்கு ஒரே குஷி. கார் ரேடியோவை அணைக்கச் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவன் தன் கைபேசியில் செயலியைத் திறந்து காதில் மாட்டிக்கொண்டான்.

அழைப்பை எடுத்த பெண் பெயரும் ஊரும் கேட்டார். முருகேசன், ராக்கி ஹில் என்றேன். "மோ என்று போட்டுக்கொள்ளட்டுமா?" என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு 35 நிமிடம் காத்திருப்பு.

எனக்கு முன்னால் பேசியவரை மறக்க முடியவில்லை. வயதான குரல். நடுவரைப் பற்றித்தான் ஆரம்பித்தார். பேச்சு எப்படியோ அவர் பார்த்த வேலைக்குப் போய்விட்டது. இருபத்திரண்டு வருட வேலை, கடைசி மூன்று மாதம் தன் இடத்துக்கு வந்தவனுக்குத் தானே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாராம். "அவன் பெயர்கூட என் வாயில் நுழையவில்லை, ஆனால் நல்ல பையன்" என்றார். இரண்டு விநாடி யாரும் பேசவில்லை. வானொலியில் இரண்டு விநாடி மௌனம் என்பது பெரிய பள்ளம். அதை நிரப்ப அடுத்து வரிசையில் இருந்தது நான்.

"ராக்கி ஹில்லில் இருந்து மோ!"

மந்திரத்தைச் சொன்னேன். கிரிக்கெட் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அந்தப் பக்கம் சிரிப்பு. என் உச்சரிப்பு அதற்கு முன்னாலேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். "மோ, ஒரு சந்தேகம். அந்த எந்திரம் பழுதானால் உங்கள் ஆட்களுக்குத்தானே போன் போட வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, தலையை ஆட்டுவது குரலிலேயே தெரிகிற அந்தக் கார்ட்டூன் உச்சரிப்பில், "தேங்க்யூ ஃபார் காலிங், மை நேம் இஸ் ஸ்டீவ், கைண்ட்லி ரீஸ்டார்ட் தி அம்பயர்" என்றார் ஒருவர். மற்றவர்கள் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நானே அந்தக் குரலில் பேசினேன். "யெஸ் சார், யுவர் கால் இஸ் வெரி இம்பார்ட்டன்ட் டு அஸ் சார்." எனக்கு அப்படி ஓர் உச்சரிப்பே கிடையாது. நான் பேசுவது விருதுநகர் ஆங்கிலம். அந்தக் குரல் அவர்கள் தொலைக்காட்சியில் கேட்டது, அதையே எடுத்து அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். "மோ சூப்பர்!" என்றார்கள். 2008, 2016 எதையும் சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். போனை வைக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளியில் பெரிய பையன்கள் தங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட மாதிரி.

ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. கெட்ட வார்த்தை வந்தால் வெட்டுவதற்காக இந்த நிகழ்ச்சிகளைச் சில விநாடி பிந்தித்தான் ஒலிபரப்புவார்கள். செயலியில் கேட்டால் இன்னும் அரை நிமிடமாவது பிந்தும். நான் போனை வைத்துவிட்டு இளித்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்தபோது பையன் காதில் நான் இன்னும் "ஃபர்ஸ்ட் டைம், லாங் டைம்" சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. முதலில் சிரிப்பு, கையைத் தூக்கி வெற்றி என்று காட்டினான். அப்புறம் புருவம் சுருங்கியது. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பிடுங்கி எறியவும் கை வரவில்லை. கடைசியில் அந்தக் குரல் வந்தது. ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்துவிட்டுக் கேட்டான்: "ஏன்பா அந்த வாய்ஸ் பண்ணீங்க? நீங்க அப்படிப் பேசவே மாட்டீங்களே."

மனைவி பைகளோடு வந்து டிக்கியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

இதைப் படித்துவிட்டு "அவ்வளவு சுரணை இருந்தால் ஊருக்குத் திரும்பிப் போயேன்" என்று எழுத ஒருவர் வருவார். "நம் ஊரில் சாதிப் பேரைச் சொல்லிக் கிண்டல் இல்லையா?" என்று இன்னொருவர் வருவார். இருக்கிறது ஐயா, இல்லையென்று யார் சொன்னது? எல்லா வெள்ளைக்காரர்களும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை. அந்தத் தொகுப்பாளர் கெட்ட மனிதரும் இல்லை. வேலை போன பெரியவரின் மௌனத்தை எதையாவது போட்டு மூட வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்தது நான்.

ஆனால் இது ஒன்றிரண்டு பேரின் வாய்க்கொழுப்பு மட்டும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2007இல் டான் ஐமஸ் என்கிற வானொலித் தொகுப்பாளர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பெண்களைப் பற்றிச் சொன்ன அசிங்கத்துக்காக வேலை இழந்தார். 2018 பிப்ரவரியில் பாஸ்டனில், அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் டாம் பிரேடியின் முகவர் டான் யீயைப் போலப் பேசுகிறேன் என்று ஒரு தொகுப்பாளர் ஆசியர்களைக் கேலி செய்யும் உச்சரிப்புக் காட்டினார். அவரை ஐந்து நாள் நிறுத்திவைத்ததோடு, ஒரு நாள் நேரலையையே நிறுத்தி ஊழியர்கள் எல்லாருக்கும் வகுப்பு எடுத்தார்கள். யீ அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த வழக்கறிஞர். அவருக்கு அப்படி ஓர் உச்சரிப்பே கிடையாது! படித்தபோது அந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன்.

என் அழைப்புக்கு ஐந்து மாதம் கழித்து, 2019 டிசம்பரில், சான் பிரான்சிஸ்கோ அமெரிக்கக் கால்பந்து அணியின் வானொலி வர்ணனையாளர் ஒருவர், எதிரணியின் கறுப்பின ஆட்டக்காரர் லமார் ஜாக்ஸன் பந்தை ஒளித்து ஏமாற்றுவதற்கு அவர் தோல் நிறமும் பந்தின் நிறமும் ஒன்றாக இருப்பது உதவுகிறது என்று சொன்னார். ஓர் ஆட்டத்துக்கு அவரை உட்காரவைத்தார்கள். அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் ஜாக்ஸனுக்குப் போனது. நான் வீட்டில் இதைச் சொல்லிக் கொதித்தேன். மனைவி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை உங்க பிரண்ட்ஸோட மேட்ச் பார்த்தப்ப, இவங்கல்லாம் ஓடவே பிறந்தவங்க, மூளை விளையாட்டு வராதுன்னு சொன்னது யாரு?" என்றார். நான்தான் சொன்னேன். சாட்சி நான்கு பேர்.

தொழில்நுட்பம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் வட்டாரத் தமிழர்கள் கோடையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவோம். 2022 அரையிறுதியில் நான் 41இல் இருக்கும்போது எல்பிடபிள்யூ கேட்டார்கள். நடுவர் இல்லை என்று சொல்லிவிட்டார். எல்லைக்கோட்டில் நின்ற ஒரு தம்பி கைபேசியில் எடுத்ததை மெதுவாக ஓட்டிக் காட்டி அவுட் வாங்கிவிட்டான். எந்தக் கோணம்? மிட் விக்கெட்! பக்கவாட்டில் இருந்து எடுத்த படத்தில் பந்து ஸ்டம்பில் படுமா என்று எந்த ஹாக் ஐ கருவி சொல்லும்? எந்திரம் வரட்டும் என்று வானொலியில் வாதாடப்போனவன் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் சண்டைக்குப் போகிறேன். அந்தத் தம்பி அடுத்த வருடம் கேப்டன் ஆகிவிட்டான். சரி, விடுங்கள்.

ஆக, உங்களுக்குப் பதில்: கேளுங்கள், நானும் இன்னும் கேட்கிறேன். கிண்டல் வந்தால் சிரிப்பும் வரும், அதை அடக்க முடியாது. அவர்கள் கேட்கிற குரலில் பேசிக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். பின் இருக்கையில் ஆள் இருந்தால் முக்கியமாக.

2025 செப்டம்பரில், பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கிலும் எந்திர நடுவர் வருவது உறுதியானது. 2026 பருவத்தில் இருந்து அணிக்கு இரண்டு முறையீடு, கிட்டத்தட்ட நம் டிஆர்எஸ் மாதிரியே. அன்று மாலை எல்லா நிலையத்திலும் அதே ஒப்பாரி. பையன் இப்போது வேறு மாநிலத்தில் கல்லூரி முதல் வருடம். அவனிடமிருந்து ஒரு வாட்ஸப் வந்தது: "மோ இன்னைக்குக் கூப்பிடலையா?" கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அது எந்த வகைச் சிரிப்பு என்று தெரியாமல் நானும் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டு, ரேடியோவின் ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன்.