தலைகுந்தா பிணமும் டாக்டர் சொன்ன மணியும்
உங்க திரைக்கதையில, ஊட்டி பக்கத்து தலைகுந்தா உறைபனியில் கிடந்த உடலைப் பார்த்து டாக்டர் ‘செத்தது ராத்திரி சரியா 10 மணி’ என்கிறார், நாயகன் மாட்டிக்கிறான். ஓட்டை அங்கேதான். எந்த டாக்டரும் ஒற்றை மணி சொல்ல மாட்டார், ‘இதிலிருந்து இதுக்குள்ள’ம்பார்.

ஆனா குளிரே உங்களுக்கு முடிச்சு போட்டுத் தருது. உடல் சீக்கிரம் சில்லிடும், விறைப்போ தாமதமா ஏறும். சூட்டை மட்டும் பார்த்தா சாவு முன்னாடியே நடந்த மாதிரி தெரியும். விறைப்பை மட்டும் பார்த்தா பின்னாடி. அதிகாலை 2 மணிக் கொலை, நாயகனுக்குச் சாட்சி இல்லாத ராத்திரி 10 மணிக்கு நடந்த மாதிரி தெரியட்டும். இன்ஸ்பெக்டர் சூட்டை மட்டும் நம்பட்டும். செத்தப்புறம் ரத்தம் கீழ்ப்பக்கமா தேங்கும். முதுகுப் பக்கம் அப்படித் தேங்கின நிறம், ஆனா உடல் குப்புறக் கிடக்குதுன்னா, யாரோ புரட்டியிருக்காங்க, அதையும் சேருங்க.

ஸ்டேஷன்ல நாயகன் ஒப்புக்கிறதை வைத்தே தண்டனைங்கிறது நிக்காது. போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதல் கோர்ட்ல செல்லாது.