நள்ளிரவில் வரையும் மகள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் நள்ளிரவு வரை ஓவியம் வரைகிறாள், பகலில் சோர்ந்து, வகுப்பில் பேசவே தயங்குகிறாள். ஓவியத்தை நிறுத்தச் சொல்லலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். பதின்பருவத்தில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் இயல்பாகவே தாமதமாகச் சுரப்பதால், அவள் விழித்திருப்பதை வெறும் பிடிவாதம் என்று கொள்வது சரியன்று. எனினும், 13 முதல் 18 வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பதே மருத்துவர்களின் பரிந்துரை. எனவே, டியூஷன் ஒன்றைக் குறைத்தாவது மாலையில் ஒரு மணி நேரத்தை ஓவியத்துக்கு ஒதுக்குங்கள். வகுப்பில் பேசும் தயக்கம் குறைய, அவளை மேடையேற்ற அவசரப்படாமல், தான் வரைந்த படத்தை முதலில் இரண்டு தோழியரிடம் விளக்கச் சொல்லுங்கள். படுக்குமுன் கைப்பேசியை வேறு அறையில் வைக்கும் விதி, உங்களையும் சேர்த்து, வீட்டில் அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும்.