யூதப் போர்வீரர்களின் கைவேலைகள்: அசலை அறிவது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: பித்தளை ஷெல் உறை (சுட்ட பீரங்கிக் குண்டின் வெற்றுக் கூடு). மேலே தாவீதின் நட்சத்திரம், "1917". நம்பி வாங்கலாமா?

உறை அசலாகவே இருக்கும். சந்தேகிக்க வேண்டியது நட்சத்திரத்தை. வெறும் உறை மலிவு. யூத அடையாளம் ஏறினால் விலையும் ஏறும். பத்து மடங்கு லென்ஸில், பழைய கீறல் ஒன்று வெட்டுக்கோட்டைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். கீறல் கோட்டின் விளிம்பைச் சிதைத்துத் தாண்டிப் போயிருந்தால் கோடு முந்தியது. கோடு கீறலை அறுத்துப் போயிருந்தால் கோடு பிந்தியது, கதை அங்கேயே முடிந்தது. பள்ளத்தின் அடியும் சுற்றியுள்ள பித்தளையளவு கறுத்திருக்க வேண்டும். மின்கருவி வெட்டு ஒரே அகலத்தில், அடியில் நெருக்கமான அதிர்வுத் தடங்களோடு தெரியும். ஆணியால் குத்தியதில் புள்ளிக்குப் புள்ளி ஆழம் மாறும். பல வருடம் தேய்த்துத் துலக்கிய உறையில் இந்தச் சோதனை பலிக்காது. நீங்களும் துலக்கிவிடாதீர்கள்.

கேள்வி: உறையின் அடிப்பாகத்தில் தயாரிப்பு ஆண்டாக 1918 முத்திரை, மேலே வெட்டியிருப்பது 1916.

1916இல் செய்ததல்ல. பின்னாளில் நினைவாகப் பொறித்ததாக இருக்கலாம். அதற்கு விற்பவரிடம் ஆதாரம் கேளுங்கள். மாறாக, 1915 உறையில் 1918 என்றிருப்பது இயல்பே.

கேள்வி: எனக்கு எபிரேயம் தெரியாது. எதைப் பார்ப்பது?

தாலெத்–ரேஷ் (ד–ר), ஹே–ஹெத் (ה–ח) என்று உருவில் ஒத்த எழுத்து ஜோடிகளை. எழுத்துத் தெரியாமல் படத்தைப் பார்த்து வெட்டியவர் இவற்றில்தான் தடுமாறுவார். அடுத்து ஆண்டு. யூத ஆண்டு செப்டம்பர் வாக்கில் பிறக்கும். 1917 டிசம்பர் ஹனுக்காவுக்கு (யூதர்களின் விளக்குத் திருநாள்) 5678. இதை எண் மதிப்புள்ள எழுத்துகளால் எழுதுவார்கள். தாவ், ரேஷ், அயின், ஹெத்: 400, 200, 70, 8. ஆயிரத்தை விட்டெழுதுவது வழக்கம். கடைசி எழுத்து ஸாயின் (7) என்றால் அது முந்தைய ஹனுக்கா.

கேள்வி: பிரிட்டிஷ் ராணுவத்தின் யூதப் படைப்பிரிவு, இத்தாலி, 1945 என்ற சிகரெட் பெட்டி. மெனோராவும் (ஏழு கிளை விளக்குத்தண்டு) இருபுறம் ஆலிவ் கிளையும்.

வேண்டாம். அது இஸ்ரேல் அரசின் சின்னம், 1949இல்தான் ஏற்கப்பட்டது. மெனோரா தனியாக இருந்தால் குற்றமில்லை, முதல் உலகப்போரின் யூதப் பட்டாலியன்களே அதைச் சூடியவை. 1944இல் உருவான படைப்பிரிவின் தோள்பட்டைச் சின்னம் நீலம், வெள்ளை, நீலப் பட்டைகள் மேல் பொன்னிற நட்சத்திரம்.

கேள்வி: வெள்ளி, செம்பு இழைத்த பூச்சாடி, எபிரேய வரிகள். வீரர் செய்ததாம்.

இழைப்பு அவ்வளவு நேர்த்தியென்றால் டமாஸ்கஸ் அல்லது ஜெருசலேம் பட்டறை வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே யூதக் கைவினைஞர்களும் இருந்தார்கள். பொருள் போலியல்ல, விற்பவர் சொல்லும் விளக்கம்தான் தவறு. வாங்குவதென்றால் பட்டறை வேலைக்கான விலையே கொடுங்கள்.