வாசகர் கேள்வி, செவிலியர் பதில்: இதய நோயுள்ள முதியோரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

இம்முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே நிலைமையைச் சொல்கின்றன. மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு வீடு திரும்பிய பெரியவர், கையில் நீளமான மருந்துச் சீட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பம். மருந்தை மாற்றுவதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை. இதய வார்டில் பல்லாண்டுகள் பணியாற்றிய செவிலியர் என்ற முறையில், அந்த மருந்து பலிக்கும்படி வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

என் மாமனாருக்கு 74 வயது. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதம் என்று வந்தது. மூச்சுத் திணறலுக்காக இரண்டே மாதத்தில் மூன்று முறை அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார். முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகி, மன்னார்குடி)

முதலில் அந்த 35ஐப் பற்றி ஒரு சொல். அதைத் தேர்வு மதிப்பெண் போல நூற்றுக்கு முப்பத்தைந்து என்று எண்ணிப் பலர் கலங்கிப்போகிறார்கள். நல்ல இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தம் முழுவதையும் வெளியே தள்ளுவதில்லை. 55க்கு மேல் இருந்தாலே இயல்பு என்றுதான் கொள்வார்கள். 35 என்பது குறைவுதான், ஆனால் அதனுடன் பல ஆண்டுகள் நடமாடி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"நேற்று வரை நன்றாக இருந்தார்" என்பதை வார்டு வாசலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையாக இருந்ததில்லை. இதயம் வலுவிழக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. உடலில் நீர் போதவில்லை என்று சிறுநீரகம் தவறாகக் கணக்கிட்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கிவைக்கிறது. தேங்கும் நீர் கணுக்காலிலும் வயிற்றிலும் சேர்ந்து, நுரையீரலை நிறைத்து மூச்சுத் திணறலாக வெளிப்படுவதற்குப் பெரும்பாலும் சில நாள்களாவது ஆகும். அந்தச் சில நாள்கள்தாம் உங்கள் கையில் இருக்கும் அவகாசம்.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆகவே, தேங்கும் நீரைக் கண்ணுக்கும் முன்னதாகக் காட்டிக்கொடுப்பது எடைக் கருவி. நாள்தோறும் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன்பாக, ஏறத்தாழ ஒரே கனமுள்ள உடையில், அதே கருவியில், சமமான தரையில் நிற்கவைத்து எடை பார்த்துத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூன்று நாள்களில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால், அவர் எவ்வளவு தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். சிலருக்கு மருத்துவர் வேறு அளவு சொல்லியிருக்கலாம். அப்படியானால் அதையே கொள்ளுங்கள். எடை சட்டென்று இறங்கினாலும், குறிப்பாக வயிற்றுப்போக்கு நாள்களிலும் கோடையிலும் தலைசுற்றலுடன் இறங்கினால், நீர் மாத்திரை (உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) தேவைக்கு மேல் வேலை செய்கிறது என்று பொருளாகலாம். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எடையுடன் சேர்த்து வேறு சிலவற்றையும் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுந்து நிற்கிறதா? எப்போதும் படுத்தே இருப்பவரானால் காலில் வீக்கம் தெரியாமலே போகலாம். நீர் இடுப்பின் பின்புறம் போய்ச் சேரும், அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் பலரும் தவறவிடும் இடம் இது. ஒரு தலையணையில் தூங்கியவர் இரண்டு கேட்கிறாரா, படுத்தவுடன் இருமுகிறாரா, நள்ளிரவில் எழுந்து கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொள்கிறாரா, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்கிறாரா, வேட்டியை இடுப்பில் தளர்த்திக் கட்டுகிறாரா? பெரியவர்கள் இவற்றைத் தாமாகச் சொல்வதில்லை. வயதானால் இப்படித்தான் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

உப்பைக் குறைத்தால் சோறு இறங்கவில்லை என்கிறார் அம்மா. இந்துப்புக்கு மாறலாமா? சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்கிறார்களே, அதை வாங்கலாமா? தண்ணீரையும் அளந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். (வாசகர், சேலம்)

இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும் வேறாக இருந்தாலும், இதயத்துக்கு அது கல்லுப்பிலிருந்து வேறுபட்டதன்று. இந்துப்பு என்ற நிம்மதியில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சோடியம் குறைந்த உப்பில் இருப்பது வேறு ஆபத்து. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் மருந்துகள். இதய நோயாளிகள் பலரின் சீட்டில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். அவற்றோடு இந்த உப்பும் சேர்ந்து, சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருந்தால், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பின் ஒழுங்கே கெட்டுவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

நலமாக இருப்பவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அம்மாவுக்கு மருத்துவர் சொன்ன அளவை ஒவ்வொரு காலையிலும் ஒரு சிறு டப்பாவில் தனியே எடுத்துவைத்து, அன்றைய அவர் பங்குக் குழம்புக்கும் பொரியலுக்கும் அதிலிருந்து மட்டும் போடுங்கள். சோறும் சப்பாத்தி மாவும் உப்பில்லாமலே இருக்கட்டும். மிளகு, வறுத்த சீரகம், இஞ்சி, எலுமிச்சை, கொத்தமல்லி ஆகியவை உப்பின் குறையைப் பெருமளவு மறைத்துவிடும். ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றில் உப்பு நிறைய இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆப்ப சோடா, வாய்வுக்காகக் கரைத்துக் குடிக்கும் நுரைக்கும் பொடி, தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரை ஆகியவற்றிலும் சோடியம் மிகுதி என்பது தெரிந்தவர் குறைவு.

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. உப்பில்லை என்று அம்மா சாப்பிடுவதையே விட்டுவிட்டால், தசை கரைந்து உடல் நொடிந்துபோகும். அது உப்பைவிடக் கெடுதல். ஒரே நாளில் குறைக்காமல் சில வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். மூன்று வேளை நிறையப் பரிமாறுவதைவிட ஐந்து வேளை கொஞ்சமாகக் கொடுப்பது மூச்சுக்கும் நல்லது.

தண்ணீர்க் கட்டுப்பாடு எல்லா இதய நோயாளிகளுக்கும் தேவையில்லை. உங்களுக்குச் சொல்லியிருப்பதால் ஒரு வழி கூறுகிறேன். மருத்துவர் ஒன்றரை லிட்டர் என்றால், காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி வையுங்கள். அவர் குடிக்கும் தண்ணீர் அதிலிருந்தே வரட்டும். காபி, மோர், கஞ்சி, ரசம், இளநீர் என்று வேறெது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்து வேறு பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. நா வறண்டால் வாய் கொப்பளிக்கலாம், எலுமிச்சைத் துண்டைச் சப்பலாம்.

அப்பாவுக்கு நீர் மாத்திரை கொடுத்தால் இரவில் நாலைந்து முறை எழுந்து போகிறார். போன வாரம் கழிப்பறை வாசலில் விழுந்ததிலிருந்து அந்த மாத்திரையை நாங்களே நிறுத்திவிட்டோம். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். அதனால் தொந்தரவு உண்டா? (வாசகர், தேனி)

உண்டு, கவலைப்படும் அளவுக்கு உண்டு. நீர் மாத்திரையை நிறுத்தினீர்கள், நீரைத் தேக்கும் மாத்திரையைத் தொடங்கினீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தங்கச்செய்து, சிறுநீரகத்தையும் சோர்வடையச் செய்யும். அவற்றை இன்றே நிறுத்திவிட்டு, முழங்காலுக்கு என்ன கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் பாரசிட்டமாலும் மேற்பூச்சும் ஒத்தடமும் சொல்வார்கள். நீர் மாத்திரையை நிறுத்தியதையும் மறைக்காமல் இன்றே அவரிடம் சொல்லி, மறுபடி எப்படித் தொடங்குவதென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மாத்திரை கொடுக்கும் நேரம். நீர் மாத்திரையைக் காலையில் கொடுக்க வேண்டும். இரண்டாம் வேளை இருந்தால் பிற்பகல் நான்கு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதே பொதுவான முறை. சீட்டில் இரவு என்று எழுதியிருந்தால் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். முதலில் கட்டிலோரம் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் ஆனபின் எழட்டும். இரவில் மங்கலான விளக்கு எரியட்டும். கட்டிலருகே சிறுநீர்க் கோப்பை இருக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்ற மருந்துகளையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. துடிப்பு திமிறிக்கொண்டு ஏறும். சீட்டில் டிகாக்சின் என்ற இதய மருந்து இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு செடியின் இலையிலிருந்து கிடைக்கும் பலனை விரிவாக எழுதிவைத்தார். அந்தச் செடி வகையிலிருந்து வந்த மருந்து இது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பது அப்போதே தெரிந்த செய்தி. கொடுப்பதற்கு முன் நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். பசியின்மை, குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது ஆகியவை அளவு மீறியதன் அடையாளங்கள். வாரத்தில் ஐந்து நாள் மட்டும் என்று நம் மருத்துவர்கள் எழுதுவதும் உண்டு. சீட்டில் கிழமையைப் பார்த்துக் கொடுங்கள்.

பாட்டிக்கு இதயம் பலவீனம் என்பதால் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. சரிதானே? (வாசகி, காரைக்குடி)

சரியில்லை. மருத்துவர் முழு ஓய்வு என்று சொல்லாத வரை நடக்க வேண்டும். படுக்கையிலேயே இருந்தால் தசை கரையும், காலில் இரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும். நடந்துகொண்டே ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிற வேகம் அவருக்கு ஏற்ற வேகம். சாப்பிட்டவுடன் மட்டும் வேண்டாம். உண்மையிலேயே எழ முடியாதவரானால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, வால் எலும்பையும் குதிகாலையும் நாள்தோறும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள்.

அப்பாவுக்கு 82 வயது, இருபது ஆண்டாகச் சர்க்கரை நோய். ஓர் இரவு வியர்த்துக் கொட்டியது, ஏதோ அசதி என்றார். நெஞ்சுவலி இல்லை. வாய்வு என்று பெருங்காய மோர் கொடுத்துப் படுக்கவைத்தோம். காலையில் அழைத்துப்போனபோது மாரடைப்பு என்றார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் எங்கள் மனம் ஆறவில்லை. (வாசகர், கோவில்பட்டி)

உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதைப் பார்த்தே நாமெல்லாம் மாரடைப்பைத் தெரிந்துகொண்டோம். முதியவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரையால் நரம்பு மழுங்கியவர்களுக்கும் வலியே இல்லாமல் வரலாம். திடீர் வியர்வை, காரணமற்ற மூச்சு வாங்கல், இதுவரை இல்லாத அசதி, மேல்வயிற்றில் அல்லது தாடையில் இறுக்கம், வாந்தி, சட்டென்று வந்த மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்றுகூடப் போதும். வாய்வா இதயமா என்று வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது; என்னாலும் முடியாது. ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், சில வேளைகளில் அது இயல்பாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அடைப்பை நீக்கும் சிகிச்சை முதல் சில மணி நேரத்தில்தான் மிகுந்த பலன் தரும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

108ஐ அழையுங்கள். வரும் வரை சாய்த்து உட்காரவையுங்கள். நடக்கவிடவோ இருசக்கர வாகனத்தில் ஏற்றவோ வேண்டாம். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையை மருத்துவர் ஏற்கெனவே எழுதித் தந்திருந்தால் மட்டும், உட்காரவைத்துக் கொடுக்கலாம். அக்கம்பக்கத்தார் தரும் மாத்திரை வேண்டாம். அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது மேலும் இறக்கிவிடும்.

மாமியாரை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். கொழுந்தனாரும் நாத்தனாரும் தொலைபேசியில் யோசனை மட்டும் சொல்கிறார்கள். எடை பார்க்கக் கூப்பிட்டாலே "நான் என்ன கடைச் சரக்கா" என்று கோபிக்கிறார் அத்தை. (வாசகி, விழுப்புரம்)

யோசனை சொல்கிறவர்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுங்கள். மாத மருந்து வாங்குவது ஒருவர், மருத்துவரிடம் அழைத்துப்போவது ஒருவர், வாரத்தில் இரண்டு இரவாவது நீங்கள் தூங்க வந்து தங்குவது ஒருவர் என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினால், "அம்மா எப்படியிருக்கிறார்" என்று நாலு பேருக்கு நாலு முறை பதில் சொல்லும் வேலை குறையும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளும், நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.

அத்தையின் கோபத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. வீட்டையே ஆண்டவரை ஒவ்வொரு காலையும் நிறுத்தி அளந்து, எண்ணை அவருக்குக் காட்டாமல் வேறு யாரிடமோ சொல்கிறோம். என் வார்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இப்படித்தான் முறைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நோட்டையும் பேனாவையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். அன்று முதல் எடையை அவரே பார்த்து, அவரே எழுதி, முந்தைய நாளிலிருந்து கழித்து, பக்கத்தில் வித்தியாசத்தையும் குறித்துவைப்பார். மூன்றாம் நாள், முந்தின வாரம் நாங்கள் எழுதியதில் ஒரு கூட்டல் பிழையைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டமிட்டு என்னிடம் நீட்டினார்.