ஓகஸ்ட் விடுமுறையில் காலிக்குப் பாய்ப்படகில் போகலாமா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். கனடாவிலுள்ள என் தம்பி, மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறார். பாய்ப்படகு ஒன்றை அதன் கப்டனுடன் வாடகைக்கு அமர்த்தி, கொழும்பிலிருந்து கரையோரமாகக் காலிக்கும் மிரிஸ்ஸவுக்கும் போய்வர விரும்புகிறோம். தம்பி முன்னர் பொல்கொட ஏரியில் பாய்ப்படகு செலுத்தியவர். எங்களுக்கு அனுபவம் இல்லை. எத்தனை நாள் தேவைப்படும்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: நாள் கணக்குக்கு முன் மாதக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓகஸ்டில் இந்தப் பயணம் வேண்டாம். எந்தக் கப்டன் சம்மதித்தாலும் வேண்டாம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையிலும் தென்கரையிலும் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. அந்தக் காலத்தில் இரண்டு மீற்றருக்கு மேல் அலை எழுவது வழமை. ஆனால் அலையின் உயரத்தைவிடக் காற்றின் திசையே பெரிய ஆபத்து. பாய் கிழிந்தாலோ இயந்திரம் நின்றாலோ, படகு தானாகவே கரையையும் அதன் முன்னுள்ள பாறைகளையும் நோக்கித் தள்ளப்படும். பழுதைச் சரிசெய்யக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. 2013 ஜூன் தொடக்கத்தில் இக்காற்றுத் திடீரென வலுத்தபோது, இந்தக் கடலையே தொழிலாகக் கொண்ட மீனவர்கள் பலர் மேற்கிலும் தெற்கிலும் உயிரிழந்தார்கள். ஏரியில் பழகிய கைக்கு இது ஏற்ற கடல் அன்று.

ஓகஸ்ட்தான் முடியும் என்றால் திருகோணமலைக்குப் போங்கள். அதே பருவக்காற்று அங்கே நிலத்தைக் கடந்து வருவதால் கரையோரக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். உள்துறைமுகமோ எந்தக் காற்றுக்கும் அடைக்கலம் தரக்கூடியது. கொட்டியாரக் குடா, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரக் கடல், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு ஆகியவற்றைப் பகற்பயணங்களாகவே பார்த்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நிலத்திலிருந்து வீசும் கச்சான் காற்றில் கரையோரம் கண்ணாடி போலத் தெரிந்தாலும், சில கடல் மைல் வெளியே போனதும் அலை எழும், திரும்பி வருவது காற்றை எதிர்த்து வருவதாகும். ஆகையால் காலையில் தொலைவுக்குப் போகாமல், பிற்பகலில் கடற்காற்று எழும் என்று நம்பியும் இராமல், கரையை ஒட்டியே செல்லச் சொல்லுங்கள்.

காலிதான் ஆசை என்றால், தம்பியை டிசெம்பர் விடுமுறைக்கு வரச் சொல்லுங்கள்; அவரால் முடியுமானால் பெப்ரவரி இன்னும் நல்லது. நவம்பரிலும் டிசெம்பர் முற்பகுதியிலும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகக்கூடும். மார்ச் பிற்பகுதியிலிருந்து பிற்பகல்களில் இடியும் மின்னலும் தொடங்கிவிடும். திறந்த கடலில் மிக உயரமான பொருள் உங்கள் பாய்மரமே என்பதால் மின்னலை அலட்சியம் செய்ய இயலாது. தைப்பொங்கலுக்குப் பின்வரும் இரண்டு மாதங்களையே நான் தெரிவுசெய்வேன்.

அந்த மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுக்கு மேற்குக் கரை மறைவாகிவிடுவதால், கடலின் நாளாந்த ஒழுங்கை நிலமும் வெயிலுமே தீர்மானிக்கின்றன. இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வரும். விடிந்து சில மணி நேரத்தில் அது ஓய்ந்துவிடும். நண்பகலை அண்டி மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ கடற்காற்று எழும். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும்போது படகின் முகம் ஏறத்தாழத் தென்தென்கிழக்கை நோக்கியிருப்பதால், இந்தப் பிற்பகற்காற்று வலப்பக்கத்திலிருந்து வந்து பாயை நன்றாக நிரப்பும். கிழக்கு வெளுக்கும்போதே புறப்பட்டு நிலக்காற்றைப் பயன்படுத்தி, இடைப்பட்ட சோர்வு நேரத்தை இயந்திரத்தால் கடந்து, பிற்பகலில் பாய் விரித்து, ஐந்து மணிக்குள் துறை சேர்வதே உகந்த நாள். காலை உணவை ஆறுதலாக முடித்து ஒன்பது மணிக்குப் புறப்படுவோர், காற்றே இல்லாத கடலில் வெயிலைத்தான் அனுபவிப்பார்கள்.

கொழும்பிலிருந்து காலிக்குக் கடல்வழி ஏறத்தாழ 60 முதல் 65 கடல் மைல். பத்துப் பன்னிரண்டு மீற்றர் நீளமான படகு மணிக்குச் சராசரியாக 5 கடல் மைல் செல்லும் என்று கொண்டால், பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஆகும். இதை ஒரே நாளில் முடிக்க முயன்றால் ஏதாவது ஒரு முனையில் இருளில் ஓட்ட நேரிடும். இரவில் வலைகள் மிதக்கும். சில வள்ளங்களில் விளக்கே இராது. வலை இயந்திரத்தின் விசிறியில் சுற்றினால் யாராவது நீரில் இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். எனவே பேருவளையில் ஓர் இரவு தங்கிச் செல்லுங்கள். வழியில் ஹிக்கடுவவில் முருகைக்கற்கள் நிறைந்த பகுதி தேசியப் பூங்காவாகும். அங்கே நங்கூரம் பாய்ச்ச எண்ண வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், கொழும்பு முதல் பேருவளை வரையிலான முதற்பகுதி கரையிலிருந்து பார்ப்பதைவிட அதிகமாக எதையும் காட்டுவதில்லை. போதாக்குறைக்குக் கொழும்புத் துறைமுகத்துக்குள் படகு நுழையவும் வெளியேறவும் அனுமதி பெற வேண்டும். அதிவேக வீதியில் காலிக்குப் போய் அங்கிருந்து படகேறினால் இரண்டு நாள் மிச்சமாகும். அந்த இரண்டு நாளையும் உணவட்டுனக் குடாவிலும் வெலிகமவிலும் செலவிடலாம்.

காலியிலிருந்து மிரிஸ்ஸவுக்கு ஏறத்தாழ 15 கடல் மைல்தான். எனினும் அக்காலத்தில் தென்கரையில் நீரோட்டம் மேற்கு நோக்கிச் செல்வதால், போகும்போது எதிர்நீரோட்டம் இருக்கும். கணித்ததைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். மிரிஸ்ஸவோடு திரும்பிவிடுவது நல்லது. மாத்தறைக்கு அப்பாலுள்ள தேவேந்திரமுனையைக் கடந்தால் வடகீழ்க்காற்று முகத்தில் அடிக்கும். முனைக்குத் தெற்கே உலகின் நெரிசல் மிக்க கப்பற்பாதைகளுள் ஒன்று செல்கிறது. நீலத்திமிங்கிலங்கள் உலவுவதும் அந்தப் பக்கமே. பெருங்கப்பலால் உங்களுக்காக விரைவில் திரும்பவோ நிற்கவோ இயலாது; திமிங்கிலத்தைத் துரத்திக்கொண்டு அந்தப் பாதைக்குள் போவதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள்.

முற்பணம் கொடுக்கும் முன் படகை நேரில் பாருங்கள். கரையோடும் மற்றக் கப்பல்களோடும் பேச உதவும் வீஎச்எஃப் வானொலி உள்ளதா, அவசர அழைப்புக்குரிய அதன் 16ஆம் அலைவரிசையில் பேசிக் காட்ட முடியுமா, இயந்திரம் உடனே இயங்குகிறதா, படகுக்கும் கப்டனுக்கும் உரிய பத்திரங்களும் பயணிகளுக்கான காப்புறுதியும் உண்டா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு அவர்களின் அளவிலேயே உயிர்காப்பு அங்கிகள் வேண்டும். பெரியவர்களின் அங்கியை இறுக்கிக் கட்டினால் போதாது, நீரில் விழுந்ததும் தலைக்கு மேலால் கழன்றுவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றருக்குக் குறையாமல் குடிநீர் ஏற்றுங்கள். குமட்டலுக்கான மாத்திரையை, பிள்ளைகளுக்கு வைத்தியரிடம் கேட்டு, படகேறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்புக்கான எதிர்வுகூறலைப் பார்த்து, எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதற்கும் அதற்காகப் பணம் பிடிக்கப்படாமலிருப்பதற்கும் படகு உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் இணக்கம் பெற்றுக்கொள்ளுங்கள்.