மீன் நீந்தும் திரை, பூட்டிய திரை ஆகுமா?

வாசகர் கேள்வி: ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரிகிறேன். செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) விவரங்களையும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்குகளையும் லினக்ஸ் கணினியொன்றில் பதிகிறோம். அதில் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற மென்பொருளைத் தம்பி நிறுவித் தந்தார். நான் எழுந்து போன சற்று நேரத்தில் திரையில் சுறாக்கள் நீந்தத் தொடங்குகின்றன. பெரிய கிளாக்கர் ஐயா உட்பட எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் மவுஸை அசைத்தால் செக்ரோல் அப்படியே வந்துவிடுகிறது. இதைப் பூட்டாகவும் பயன்படுத்தலாமா? ஒருநாள் பூட்டிப் பார்த்தபோது சரியான கடவுச்சொல்லையே கணினி ஏற்க மறுத்தது ஏன்?

பதில்: பயன்படுத்தலாம். ஜேமி சவின்ஸ்கி என்பவர் 1992ஆம் ஆண்டில் வெளியிட்டு இன்றுவரை பராமரித்துவரும் இந்த மென்பொருளில் இருநூறுக்கும் மேற்பட்ட காட்சிகள் உள்ளன. நீங்கள் காணும் சுறாக்கள் அவற்றில் அட்லாண்டிஸ் என்ற காட்சியாக இருக்க வேண்டும். ஆனால் காட்சி வேறு, பூட்டு வேறு. நிறுவி இயக்கிவிட்டால் காட்சி தானாக ஓடும். பூட்டை நாமே இயக்க வேண்டும். உங்கள் கணினியில் அந்த இரண்டாவது வேலை இன்னும் நடக்கவில்லை.

எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் அமைப்புகள் சாளரத்தைத் திறந்தால், எத்தனை நிமிடம் கழித்துத் திரை மறைய வேண்டும் என்ற இடமும், அதற்குக் கீழே 'லாக் ஸ்கிரீன் ஆஃப்டர்' என்ற பெட்டியும் இருக்கும். அந்தப் பெட்டியில் சரிக்குறி இடுங்கள். இங்கே பலரும் தவறுவது நிமிடக் கணக்கில்தான்: பூட்டுக்குரிய நிமிடங்கள் நீங்கள் எழுந்து சென்ற நேரத்திலிருந்து அல்ல, காட்சி தொடங்கிய நேரத்திலிருந்தே எண்ணப்படுகின்றன. காட்சிக்கு 10, பூட்டுக்கு 5 என்று வைத்தால் உங்கள் மேசை 15 நிமிடம் திறந்தே கிடக்கும். மஸ்டர் நேரத்தில், அதாவது தொழிலாளரை ஒன்றுகூட்டி வேலை பிரிக்கும் நேரத்தில், ஆட்கள் வந்துபோகும் அலுவலகத்தில் அது மிக அதிகம். பூட்டுக்கு 0 என்றும் காட்சிக்கு 3 அல்லது 4 என்றும் வையுங்கள். எழுந்திருக்கும்போதே பூட்ட விரும்பினால், அதே சாளரத்தின் ஃபைல் பட்டியலில் 'லாக் ஸ்கிரீன் நவ்' என்ற தெரிவு உண்டு. ரூட் என்ற முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கில் உள்நுழைந்திருந்தால் இந்த மென்பொருள் பூட்டாது. லினக்ஸில் திரையைக் கையாள எக்ஸ்11, வேலண்ட் என்ற இரு முறைகள் உண்டு; வேலண்ட் அமர்விலும் இதன் பூட்டை நம்ப முடியாது. ஆகவே சாதாரணப் பயனர் கணக்கில், எக்ஸ்11 அமர்வைத் தெரிவு செய்து உள்நுழையுங்கள். கணினியில் வேறொரு திரைப்பூட்டு ஏற்கெனவே இயங்கினால் அதை நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

கடவுச்சொல் ஏற்கப்படாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் விசைப்பலகையே. யூனிகோடில் தொழிலாளர் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்த நிலையில், தமிழ் விசைப்பலகை அமைப்பு இயங்கும்போதே திரை பூட்டிக்கொண்டால், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுவதாக நினைக்கும் ஒவ்வொரு எழுத்தும் உள்ளே தமிழாகவே போய்ச் சேரும். கடவுச்சொல் பெட்டியில் எழுத்துகள் தெரியாததால் பிழையைக் கண்டுபிடிப்பதும் கடினம், மேல்பட்டையிலுள்ள மொழிச் சின்னத்தைச் சொடுக்கவும் இயலாது. பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் மட்டும் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. அங்கே விசைகள் ஆங்கிலத்திலேயே இருக்க, தோற்றம் மட்டுமே தமிழாக மாறுகிறது. மொழி மாற்றத்தை இரண்டு ஷிஃப்ட் விசைகளைச் சேர்த்து அழுத்துவது போன்ற விசைக்கூட்டாக அமைத்துக்கொண்டால், பூட்டிய திரையிலும் அதைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திரும்பலாம். கேப்ஸ் லாக் விளக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விளையாட்டுப் பகுதி. உங்கள் பணிக்கு அட்லாண்டிஸில் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் எழுந்தமானமாகக் காட்சிகளை மாற்றும் முறையைத் தெரிவு செய்திருந்தால், பட்டியலில் சிலவற்றின் சரிக்குறியை எடுத்துவிட வேண்டும். டிகேஸ்கிரீன் என்ற காட்சி, நீங்கள் விட்டுச்சென்ற திரையையே படம் பிடித்து அதை மெழுகு போல் உருக்கிக் காட்டும்; பார்க்க அழகுதான், ஆனால் உருகத் தொடங்குவதற்கு முன் செக்ரோலில் இருக்கும் பெயரும் கிலோக் கணக்கும் மேசையருகே நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும். பூட்டு இருந்தும் பூட்டுக்குள் இருப்பது வெளியே தெரிவதென்பது வேடிக்கையல்ல. ஆகவே 'கிராப் டெஸ்க்டாப் இமேஜஸ்' என்ற தெரிவை அணைத்துவிடுங்கள். அதன் பின் இத்தகைய காட்சிகள் உங்கள் திரையைத் தொடமாட்டா.

பீஎஸ்ஓடி என்பது இன்னொன்று. கணினி செயலிழந்துபோனதைப் போல விண்டோஸின் நீலத்திரையையும் பழைய மக்கின்டோஷின் வெடிகுண்டுச் சின்னத்தையும் அது அச்சு அசலாக வரைந்து காட்டும். சில ஆண்டுகளுக்கு முன், பண்டாரவளையில் நான் பணிபுரிந்த அலுவலகமொன்றில் அதை ஆசையாக வைத்துவிட்டு பிளேன்டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது, நீலத்திரையைக் கண்டு பதறிய சக ஊழியர் ஒருவர் எனக்கு உதவி செய்வதாக எண்ணிச் சுவரிலிருந்த பிளக்கையே பிடுங்கியிருந்தார். சேமிக்காத அட்டவணை போயிற்று. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயும் இல்லை. பலர் பயன்படுத்தும் அறையில் அந்தக் காட்சி வேண்டாம் என்பதே என் கருத்து.

முப்பரிமாணக் காட்சிகள் பழைய கணினிகளைச் சூடாக்கும்; மின்சாரம் தடைப்பட்டு யூபிஎஸ்ஸில் ஓடும்போது மின்கலத்தையும் விரைவில் தீர்த்துவிடும். பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் தடம் பதியும் என்பதற்காகவே இவை பிறந்தன. உங்கள் மேசையிலுள்ள தட்டைத் திரைக்கு அந்தத் தேவை இல்லை. வெற்றுத் திரையைத் தெரிவு செய்தாலும் பூட்டு அதே பூட்டுதான்.

எல்லாம் அமைத்தபின், கணினியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். கடவுச்சொல் கேட்காமல் நேரே மேசைத்திரை வந்தால், தானாக உள்நுழையும் வசதி இயங்குகிறது என்று பொருள். அதை நிறுத்தாதவரை, பூட்டிய திரையைத் திறக்க விரும்புபவருக்கு மின்பொத்தானே போதும். அடுத்ததாகத் திரையைப் பூட்டிவிட்டு, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்து மட்டுமேயுள்ள கறுப்புத் திரை வந்து பயனர் பெயரைக் கேட்டால் கவலையில்லை. அங்கே தம்பி நிறுவும்போது உள்நுழைந்து, வெளியேற மறந்திருந்தால், 'எக்ஸிட்' என்று தட்டி அந்த அமர்வை மூடிவிடுங்கள்.